ஏலக்காய்க் கிட்டங்கியில் இரண்டு மாணவர்கள்

எங்கள் ஆஸ்பத்திரிக்கு மதுரையிலிருந்து இரண்டு காலேஜ் மாணவர்கள் வரப்போகிறார்கள் என்று டாக்டரம்மா சொன்னபோது, நான் சலவைக்காரரோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தேன். விரிப்புகள் ஈரம் காயாமலே வந்திருந்தன. வாக்குவாதத்தை நிறுத்திவிட்டு, "எதுக்கு வர்றாங்க?" என்று கேட்டேன்.

"உங்க வேலையைப் படிக்க."

என் வேலையை ஒருவர் படிக்க முடியும் என்பதே எனக்குப் புதிய செய்தி. சண்டைக் காலத்தில் பட்டாள ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்டோர் பார்த்தவன் நான். சண்டை முடிந்து திரும்பியதும் போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்திய இந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் ஸ்டூவர்டு வேலை கிடைத்தது. டாக்டரும் நர்சும் செய்யாத எல்லாம் ஸ்டூவர்டின் தலையில் விழும். விறகு, தண்ணீர், சோறு, துணி, கக்கூஸ், பூட்டு, சாவி, பிணவறை. இதற்கெல்லாம் பி.ஏ. எதற்கு என்றுதான் நினைத்தேன்.

டாக்டரம்மாவின் யோசனை வேறாக இருந்தது. மலைச்சரிவு நெடுக, தோட்டங்களுக்கு நடுவே சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகள் திறக்க வேண்டும் என்று வியாபாரிகள் பேசிக்கொண்டிருந்தார்கள். டாக்டர்களைத் தேடிப் பிடித்துவிடலாம், நடத்துவதற்கு ஆள் யார் என்பது அவர் கேள்வி. "படிச்ச டாக்டர் பாதி நாள் பக்கெட்டைத் தேடிட்டு அலையறேன். இது எங்கயாவது நியாயமா?" என்பார். மதுரையில் கல்லூரி முதல்வர்களிடம் போய்ப் பேசி, இரண்டு பேரைக் கோடை விடுமுறைக்குக் கேட்டு வாங்கிவிட்டார். படிப்பு முடிந்ததும் அவர்களுக்கு மலை ஆஸ்பத்திரிகளில் வேலை என்று பேச்சு.

போருக்காகப் பெயர்த்தெடுத்த தண்டவாளத்தைத் திரும்பப் போட்டு ரயில் ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. அந்த ரயிலில் இருவரும் வந்து இறங்கினார்கள். ஒருத்தி மதுரைப் பெண். தாய் பெரியாஸ்பத்திரியில் நர்சாக இருந்தவர். அவளுக்கு ஆஸ்பத்திரி வாடை புதிதல்ல, வந்தவுடன் மூக்கைச் சுளிக்காமல் பிணவறை எங்கே இருக்கிறது என்று கேட்டாள். மற்றவன் பக்கத்து ராசிங்காபுரத்துக்காரன். சோளமும் நிலக்கடலையும் போடுகிற குடும்பம், அந்த வீட்டிலிருந்து காலேஜுக்குப் போன முதல் ஆள். அவன் தோளில் ஒரு மூட்டை இருந்தது.

"இது என்ன தம்பி?"

"கடலை சார். போன வாரம் ஊருக்கு வந்துட்டுப் போனப்ப அம்மா கட்டிக் குடுத்துச்சு. நோயாளிகளுக்குக் குடுக்கணுமாம்."

வயிற்றுப்போக்குக்காரர்களுக்குக் கடலை ஆகாது என்று சொன்னேன். அவன் முகம் வாடிப்போயிற்று. கடைசியில் சமையற்காரரும் தோட்டிகளும் நானும்தான் அதைத் தின்று தீர்த்தோம்.

எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. புத்தகம் எதுவும் கிடையாது. முதல் வாரம் இருவரையும் நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார வைத்தேன். ஒன்றும் செய்ய வேண்டாம், யார் வருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், யார் பார்க்கப்படாமலே திரும்பிப் போகிறார்கள் என்று மட்டும் பாருங்கள் என்றேன். அந்தப் பெண் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துச் சொன்னாள். வாசல் காவலாளி மலையிலிருந்து வருகிற பெண்களிடம் "எந்தத் தோட்டம்?" என்று சத்தமாகக் கேட்கிறார். தோட்டத்துக்குத் தெரியாமல் வந்தவர்கள் பயந்து அப்படியே திரும்பிவிடுகிறார்கள். அவன் சமையல்கட்டையே கவனித்திருந்தான். காலையில் கஞ்சி வேகும்வரை ஊசி கொதிக்கவைக்கும் பாத்திரம் அடுப்புக்காகக் காத்துக் கிடக்கிறது, அதனால்தான் ஊசி போட நேரமாகிறது என்றான். வருஷக்கணக்காக அந்த இடத்தில் நடமாடிக்கொண்டிருந்த எனக்கு இரண்டும் கண்ணில் படவில்லை. காவலாளியை வாயை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னோம். தனியாக இன்னொரு அடுப்புப் போட்டோம்.

அதன்பிறகு எனக்கே ஒரு ஆர்வம் வந்துவிட்டது. கிணற்றுக்கும் கக்கூசுக்கும் எவ்வளவு தூரம் இருக்க வேண்டும், எந்தத் துணியை எதோடு சேர்த்து வெளுக்கக் கூடாது, பூட்டு எங்கே வேண்டும், எங்கே கூடாது என்று தினமும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பேசினோம். அவன் கைவேலையில் கெட்டிக்காரன். ஆனால் ஒரு சொல் அவனுக்கு வாயில் வரவே வராது. பார்வையாளர் நேரம் முடிந்து யாராவது வந்து நின்றால் அவன் உள்ளே விட்டுவிடுவான். ஒரு கட்டிலில் ஒருவர் என்பது விதி. அவன் பொறுப்பில் விட்ட வார்டில் பிள்ளையோடு தாயும், தாயோடு இன்னொரு பிள்ளையும் படுத்திருப்பார்கள்.

"இல்லைன்னு சொல்றதும் இங்க ஒரு சோலிதான் தம்பி" என்றேன்.

"வருது சார், ஆனா தொண்டையில நின்னுருது" என்று சிரித்தான்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அதான் எல்லா நேரமும் நானே சொல்ல வேண்டியிருக்கு" என்றாள்.

வைகாசி பிறந்து சில நாட்களில் வாந்திபேதி வந்தது. ஊர்ப்பக்கம் அம்மன் திருவிழாவுக்கு இறங்கிவந்த தோட்டத்து ஜனங்கள் அதைக் கையோடு மலைக்குக் கொண்டுபோனார்கள். முதலில் தேவாரம் என்கிற ஊர்ப்பக்கமிருந்து ஒரு வண்டி வந்தது. அடுத்த நாள் மலையிலிருந்து டோலிகள் இறங்கத் தொடங்கின. காலராவை மற்ற நோயாளிகளோடு வைக்க முடியாது. மலைப்பாதை தொடங்கும் இடத்தில் செக்போஸ்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஏலக்காய் மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கி ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியை நடத்திய வியாபாரிகளில் ஒருவருடையது. டாக்டரம்மா நேரே அவர் கடைக்குப் போய்ச் சாவியைக் கேட்டார்.

"அம்மா, அந்தக் கிட்டங்கியில ஒரு தடவை அந்த வாடை ஏறிருச்சுன்னா அப்புறம் என் சரக்கை ஏலத்துல எவன் தொடுவான்?" என்று அவர் கேட்டார்.

"தொடலைன்னா தொடாம போகட்டும். சாவியைக் குடுங்க" என்றார் டாக்டரம்மா. கொடுத்துவிட்டார். சங்கடத்தோடுதான் கொடுத்தார், ஆனால் மூட்டைகளை ஏற்றிப் போகத் தன் ஆட்களையே அனுப்பினார்.

அந்தக் கிட்டங்கியை ஆஸ்பத்திரியாக்கிய இரண்டு நாட்களை நினைத்தால் இன்றும் எனக்கு ஒரு நிறைவு உண்டு. நான் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் கயிற்றுக் கட்டில்களை வாங்கிவந்து நடுவில் கயிற்றை அறுத்து ஓட்டை போட்டான், அடியில் சுண்ணாம்புச் சட்டி வைத்தான். வெளியே கல்லடுப்புக் கூட்டி அண்டாவில் தண்ணீர் கொதிக்கவைத்தான். கொதித்த தண்ணீருக்கு ஒரு பக்கம், கொதிக்காததற்கு ஒரு பக்கம், நடுவில் கயிறு கட்டி, தாண்டினால் கையை வெட்டுவேன் என்று மிரட்ட ஒரு ஆளை நிறுத்தினான். அந்தப் பெண் வாசலை எடுத்துக்கொண்டாள். வருகிற ஆளின் நாடியைப் பிடித்துப் பார்த்து, நாடி விழுந்தவர்களை உடனே உள்ளே, மற்றவர்களைப் பந்தலில் என்று பிரிப்பதை நர்சிடம் கற்றுக்கொண்டாள். மலைஜனங்கள் மலையாளம் கலந்து பேசுவார்கள். வந்தவர்கள் "வெள்ளம், வெள்ளம்" என்று முனகியபோது முதலில் அவள் எங்கே வெள்ளம் வந்தது என்று பயந்துபோனாள். குடிக்கத் தண்ணீர் கேட்கிறார்கள் என்று அவன்தான் சொல்லிக்கொடுத்தான்.

இறந்தவர்களைப் பற்றிய விதியும் டாக்டரம்மா வகுத்ததுதான். உடலை வீட்டுக்குக் கொடுப்பதில்லை. குளிப்பாட்டுவதில்லை. கிட்டங்கிக்குப் பின்னால் ஓடைக்கரை தாண்டி மேட்டில் எரித்துவிடுவது. உறவினர் தூர நின்று பார்க்கலாம். உடல் வீட்டுக்குப் போனால் குளிப்பாட்டுவார்கள், அந்தத் தண்ணீர் ஊர்த் தண்ணீரில் போய்ச் சேரும், கட்டிப்பிடித்து அழுத கையாலேயே சோறு தின்பார்கள். இதை இரண்டு பேருக்கும் விளக்கினேன். இரண்டு பேருக்கும் நன்றாகப் புரிந்தது. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தெரியாமல் செய்தான் என்று பிற்பாடு சிலர் அவனுக்காகப் பேசினார்கள். அவன் தெரியாமல் செய்யவில்லை.

கிட்டங்கியில் ஏலக்காய் மணம் போகவே இல்லை. அதன்மேல் சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர், அதற்கும் மேலே நான் எழுத விரும்பாத வாடை. தினமும் யாராவது செத்தார்கள். சலைன் இருக்கிறவரை சிலரை இழுத்துப் பிடிக்க முடிந்தது. பிளீச்சிங் பவுடர் தீர்ந்துபோய், ரயிலில் மதுரையிலிருந்து வரும் பீப்பாயை எடுக்க ஒரு நாள் காலையில் நான் போடிக்குப் போனேன். டாக்டரம்மா ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு பிரசவத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். மாணவி முந்தின நாள் முழுதும் நின்றதால் பந்தலில் படுத்துத் தூங்கிவிட்டாள். கிட்டங்கி அவன் பொறுப்பில் இருந்தது.

முந்தின நாள் மலைமேல் ஒரு தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், குடியிருந்த ஒருவர் தன் மனைவியைப் போர்வையில் கட்டிக் கம்பில் தூக்கிவந்திருந்தார். இளம் வயதுதான் இருவருக்கும். நான் போன சிறிது நேரத்தில் அந்த மனைவி இறந்துபோனாள். நடந்ததை நான் பிறகு அந்தக் கணவரிடமும் மாணவனிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன், இருவரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

"மேல லயத்துல ரெண்டு பொட்டப்புள்ளைக இருக்குதுக அய்யா. ஆத்தாவைக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். மொகத்தைக் காட்டாம நான் எப்படிப் போவேன்?" என்று அவர் கேட்டாராம்.

"விதி இல்லண்ணே. குடுக்கக் கூடாது."

"நீங்க மனசு வச்சா குடுக்கலாம்."

இதை அவர் காலில் விழுந்து சொல்லவில்லை. அழவும் இல்லை. அவன் எதிரில் நின்று, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, சும்மா சொன்னார். காலில் விழுந்திருந்தால் என்னால் மறுத்திருக்க முடிந்திருக்கும் சார் என்று அவன் பிறகு சொன்னான்.

அவன் அவரிடம் சத்தியம் வாங்கினான். துணியை அவிழ்க்கக் கூடாது, குளிப்பாட்டக் கூடாது, பிள்ளைகளைத் தொட விடக் கூடாது, முகத்தை மட்டும் காட்டிவிட்டு உடனே எரிக்க வேண்டும். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவன் உடலைப் பிளீச்சிங் கரைசலில் நனைத்த துணியால் இரண்டு சுற்றுச் சுற்றினான். மேலே போகும் ஜீப் ஒன்றை நிறுத்தி, லோடுக்கு மேலே தார்ப்பாய் போட்டு ஏற்றிவிட்டான். அவனால் முடிந்த எல்லாக் கவனத்தோடும் செய்தான்.

நான் பீப்பாயோடு திரும்பி வரும்போது அவன் வண்டியை எதிர்கொண்டு வந்தான். இறங்குவதற்குள் சொல்லிவிட்டான்.

"சார், அந்தப் பொம்பளை போயிருச்சு. பொணத்தைக் குடுத்தனுப்பிட்டேன்."

"யாருகிட்டக் கேட்டுக் குடுத்த?"

"யாரையும் கேக்கலை சார். நான்தான் குடுத்தேன்."

நான் அவனைத் திட்டவில்லை. ஜீப்பைப் பிடிக்க முடியுமா என்றுதான் பார்த்தேன். அதற்குள் மலையில் மழை பிடித்துக்கொண்டது. பாதையில் மண் சரிந்து விழுந்து வண்டிகள் நின்றுவிட்டன என்று செக்போஸ்டில் சொன்னார்கள். எங்கள் பக்கத்துச் சுகாதார அதிகாரியிடம் ஆள் அனுப்பினேன். அந்தத் தோட்டம் மலையாள நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, அங்கே எனக்கு அதிகாரம் இல்லை என்று பதில் வந்தது. மறுநாள் மதியம் மண்ணை ஒதுக்கிய பிறகு நானும் அவனும் ஒரு ஜீப்பில் ஏறினோம். ஒரு வளைவில், "சத்தியம் பண்ணியிருக்காரு சார்" என்றான்.

லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கணவர் வாக்கை மீற நினைக்கவில்லை. ஆனால் லயத்துப் பெண்கள், நல்ல சாவு சாகாதவளை இப்படி அழுக்கோடு அனுப்ப முடியாது என்று அவரைத் தள்ளிவிட்டுத் துணியை அவிழ்த்துவிட்டார்கள். ஓடையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து குளிப்பாட்டினார்கள். குளிப்பாட்டிய இடம் லயத்துக்கு மேலே. மழை அதை அப்படியே அடித்துக்கொண்டு போய், அவர்கள் குடிக்கிற ஓடையிலேயே சேர்த்திருந்தது.

"பொம்பளைக கேக்கலை அய்யா" என்றார் அவர். மாணவனைப் பார்த்துத்தான் சொன்னார். "நான் மறிச்சேன். கேக்கலை."

அவன் ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த சில நாட்களில் அந்த லயத்திலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். குளிப்பாட்டிய பெண்களில் இருவர். ஒரு கிழவர். கையில் பால்குடிப் பிள்ளையோடு ஒரு தாய். இறந்தவளின் மூத்த மகள். ஏழெட்டு வயதிருக்கும். அவளைத் தகப்பன் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் கிட்டங்கி வாசலில் இருந்தேன். மாணவி நாடியைப் பிடித்துப் பார்த்தாள், உள்ளே என்றாள். சலைன் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. டாக்டரம்மா கணுக்காலைக் கீறி நரம்பைத் தேடினார். சாயங்காலம் பிள்ளை போய்விட்டது.

அப்போது மாணவன் அங்கே இல்லை. லயத்துக்குப் போன அன்றே அவன் என்னோடு இறங்க மறுத்துவிட்டான். "நான் இங்கயே இருக்கேன் சார். தண்ணியைப் பாத்துக்கிறேன்" என்றான். தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் ஒன்று உண்டு, அடியில் பெரிய உலையோடு. பறிப்புக் காலம் இல்லாததால் அது சும்மா கிடந்தது. தோட்டத்துக் கங்காணியைச் சம்மதிக்க வைத்து அந்த உலையை மூட்டி, கிடைத்த அண்டா குண்டா எல்லாவற்றையும் ஏற்றி, லயம் முழுமைக்கும் அங்கேயே தண்ணீர் கொதிக்கவைத்தான். கம்பை எடுத்துக்கொண்டு ஓடைக்கரையில் நின்றான். குடத்தோடு வந்த பெண்கள் அவனைத் திட்டினார்கள், கல்லால் எறிந்தார்கள். ஒரு சொட்டு எடுக்க விடவில்லை. யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாத ஆள் அந்த மலையில் எல்லோருக்கும் முடியாது என்று சொல்லிக்கொண்டு நின்றான்.

மகளை எரித்துவிட்டு மேலே போன அந்தக் கணவர் அவனுக்கு விறகு வெட்டிக் கொடுத்தார். நான் ஒருமுறை மருந்து கொண்டுபோனபோது இருவரையும் பார்த்தேன். ஒருவர் வெட்டிப் போடுகிறார், ஒருவன் அடுப்பில் தள்ளுகிறான். அவருடைய சின்னப் பிள்ளை ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து கொதித்து ஆறிய தண்ணீரைச் சிரட்டையில் குடித்துக்கொண்டிருந்தது.

அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தத் தம்பியைத் திட்டிப்புடாதீங்க அய்யா. கேட்டது நான்."

"உம்மேல எனக்குக் கோபம் இல்லப்பா."

"என்மேல எனக்கே இருக்கு. தம்பிமேல எதுக்கு?" என்றார். பிறகு கோடரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கிட்டங்கியில் அதே நாட்களில் மாணவி ஒரு கேள்வி கேட்டாள். நானும் டாக்டரம்மாவும் நின்று சோறு தின்றுகொண்டிருந்தோம்.

"பொணத்தை மேல அனுப்பக் கூடாது, சரி. பிள்ளைகளைக் கீழ கூட்டிட்டு வந்திருக்கலாமே? மேல போற ஜீப்பு எத்தனையோ இருக்கே."

டாக்டரம்மா கையில் எடுத்த சோற்றைத் தட்டில் வைத்துவிட்டார். எத்தனை எளிய விஷயம். தூரத்தில் ஒரு கயிறு கட்டி, முகத்தை மட்டும் திறந்து காட்டிவிட்டு எரிக்கலாம். எங்கள் யாருக்கும் அதுவரை தோன்றவில்லை. அன்று முதல் யார் இறந்தாலும் ஒரு ஜீப் மேலே போய் வீட்டாரைக் கூட்டிவந்தது. பாதை அடைபட்டால் காத்திருந்தோம். அதன்பிறகு உடலைக் கேட்டு யாரும் சண்டை போடவில்லை. சிலர் அழுதுவிட்டு எங்களுக்குக் கும்பிடு போட்டுப் போனார்கள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மழை வலுத்து ஓடைகள் பெருகி ஓடிய பிறகு நோய் தணிந்தது. கிட்டங்கியைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, சாவியைத் திருப்பிக் கொடுத்தோம். வியாபாரிகள் கூடிப் பேசினார்கள். நானும் டாக்டரம்மாவும் கூப்பிடப்பட்டிருந்தோம். ஒருவர் போலீசில் சொல்ல வேண்டும் என்றார். இன்னொருவர், "சின்னப் பயக கையில ஆஸ்பத்திரியைக் குடுத்தா இப்படித்தான்" என்றார். கிட்டங்கி கொடுத்தவர் மட்டும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. மலையில் ஆஸ்பத்திரிகள் திறக்கும் பேச்சு அன்றோடு தள்ளிப்போயிற்று.

வெளியே வந்ததும் டாக்டரம்மா என்னைக் கேட்டார்: "நீங்க சொல்லுங்க. அவனை வேலைக்கு எடுப்பீங்களா?"

"எடுப்பேன்."

"ஏன்?"

யோசித்துவிட்டு, "இனிமே அவனுக்கு யாரும் எதுவும் சொல்லிக்குடுக்க வேண்டியதில்லை" என்றேன்.

"அதுக்கு எத்தனை உசிரு" என்றார் அவர். ஆனால் அவனை வேண்டாம் என்று சொல்லவில்லை.

கல்லூரி திறக்கும் சமயத்தில் அவன் மலையிலிருந்து இறங்கி வந்தான். கறுத்து, மெலிந்து, கையெல்லாம் உலைச் சூட்டுக் காயம். ரயிலேற்றிவிட நான் போனேன். பி.ஏ. முடித்துவிட்டு வா, உனக்கு இடம் இருக்கிறது என்று சொன்னேன்.

"எனக்கு வேணாம் சார்."

"ஒரு தப்பை வச்சு முடிவு பண்ணாத."

"தப்புன்னு எனக்குத் தெரியும் சார். ஆனா அவரு மறுபடியும் வந்து என் முன்னால நின்னு கேட்டா, இல்லைன்னு சொல்லுவேனான்னு இன்னும் எனக்குத் தெரியலை. அது தெரியாதவன் அந்த நாற்காலியில உக்காரக் கூடாது."

ரயில் கிளம்பும்வரை அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அதே பெட்டியில் பெண்கள் பக்கம் மாணவியும் இருந்தாள். அவள் இறங்கி வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "நானா இருந்தா குடுத்திருக்க மாட்டேன் சார். ஆனா அதை நினைச்சா எனக்குப் பெருமையா இல்லை."

அவன் பி.ஏ.யை முடிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. ராசிங்காபுரத்துக்கே திரும்பி நிலத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டான். அவள் முடித்தாள். அடுத்த வருஷம் எங்கள் ஆஸ்பத்திரிக்கே வேலைக்கு வந்தாள். என்னைவிட நன்றாக நடத்தினாள். கண்டிப்பானவள், ஆனால் எந்த விதியையும் போடுவதற்கு முன், இதனால் யார் என்ன இழக்கிறார்கள் என்று ஒருமுறை சத்தமாகக் கேட்டுவிட்டுத்தான் போடுவாள். சில வருஷங்களில் மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போய்விட்டாள். டாக்டரம்மா அதன்பிறகும் மாணவர்களைக் கேட்டுப் பார்த்தார். எந்தக் கல்லூரியும் அனுப்பவில்லை.

அந்தக் கணவரும் சின்னப் பிள்ளையும் அந்தத் தோட்டத்தில் தங்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னும் உள்ளே எங்கோ தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டதாகக் கங்காணி ஒருமுறை சொன்னார்.

மாணவி இன்னும் எங்களோடு வேலை பார்த்தபோது ஒரு மாரிக்காலத்தில் ராசிங்காபுரத்துக்காரர் ஒருவரை இளைப்பு நோயோடு சேர்த்தார்கள். எங்கள் மாணவனின் தகப்பனார் என்று பேச்சுக்கொடுத்தபோதுதான் தெரிந்தது. மகன் வரவில்லையா என்று கேட்டேன். "வந்திருக்கான். உள்ள வர மாட்டேங்கிறான்" என்றார் பெரியவர். வெளியே போய்ப் பார்த்தேன். எதிரே டீக்கடைப் பெஞ்சில் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"உள்ள வா தம்பி. உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"தெரியும் சார்."

"அப்புறம் என்ன?"

"அப்பாவுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க. கொண்டாந்து தர்றேன். இங்கயே இருக்கேன்."

தகப்பனார் குணமாகிப் போகும்வரை அவன் அப்படியே அந்தப் பெஞ்சில் இருந்தான். கேட்டதை எல்லாம் வெரசா ஓடிப்போய் வாங்கிவந்து வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவான். ஒருநாள் மாணவி, அப்போது எங்கள் ஆபீசின் பொறுப்பில் இருந்தவள், குடையை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் வெகுநேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று அவள் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பி வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வார்டில் விரிப்பு மாற்றினார்களா என்று நர்சைக் கேட்டாள்.